விளைவு இல்லாத செய்தி: திரும்பத் திரும்பக் காண்பதும் உணர்வு மங்குவதும்

1. கேள்வி

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி இறந்த செய்தி தமிழ் நாளிதழ்களில் ஏறக்குறைய ஒரே அச்சில் வருகிறது. முதலில் ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் விழுகிறார். தீயணைப்புத் துறையினர் உடல்களை மீட்கிறார்கள். போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கிறார்கள். ஊர்ப்பெயரையும் வயதையும் மாற்றிவிட்டால் போன ஆண்டுச் செய்தி இந்த ஆண்டுக்கும் செல்லும். படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறோம். ஏன் இப்படி என்று கேட்டால் விடை தயாராக இருக்கிறது: கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, மனம் மரத்துவிட்டது.

இந்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சாக்கடைச் சாவுகளுக்கு மட்டும் சொல்லப்படும் விடை அன்று இது. போர்ப் படங்களுக்கும், பட்டினிச் செய்திகளுக்கும், சாலை விபத்துகளுக்கும் இதையே சொல்கிறோம். 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். ஒரு கட்டடம் இடிந்து 49 பேர் இறந்திருந்தால் மாநிலமே அதைப் பற்றித்தான் பேசியிருக்கும். நாள்தோறும் நடப்பதாலேயே அது பேசுபொருள் ஆகவில்லை என்று நாம் நம்புகிறோம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வசதி உண்டு. திரும்பத் திரும்பக் கண்டால் உணர்வு மங்குவது உடலின் இயற்கை என்றாகிவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே அந்த இயற்கை உண்மையில் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழக்கம் குறித்த அறிவியல், நாம் அதன் பெயரால் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை ஆதரிப்பதில்லை என்பது என் வாதம். உணர்வை மங்கச் செய்வது வெறும் மறுநிகழ்வு அன்று. நிகழ்ந்த பின் ஒன்றும் நடக்காது என்பதை நாம் கற்றுக்கொண்டதே அதைச் செய்கிறது. நம்மில் பலருக்கு மங்குவதற்கான உணர்வே முன்பு இருந்ததில்லை என்பது இதைவிடக் கசப்பான இன்னொரு சாத்தியம்.

2. உடல் எப்படிப் பழகுகிறது

பழகுதல் என்று பொதுவாக நாம் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. புலனுறுப்பே தளர்ந்துபோவது ஒன்று. பல முறை இயங்கிய தசை சோர்வது இன்னொன்று. புலனும் தசையும் நன்றாக இருக்க, நரம்பு மண்டலம் தானே பதிலைக் குறைத்துக்கொள்வது மூன்றாவது. உளவியலாளர் பழக்கமடைதல் என்று சொல்வது இந்த மூன்றாவதை மட்டுமே. கற்றல் வகைகளிலேயே மிக எளியது இது.

1966இல் ரிச்சர்ட் தாம்ஸன், ஆல்டன் ஸ்பென்ஸர் இருவரும் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளமிட்டது. முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட பூனைகளின் கால் அனிச்சைச் செயலை ஆராய்ந்த அவர்கள், பழக்கமடைதலுக்கு ஒன்பது பண்புகளை வரையறுத்தார்கள். அவற்றுள் மூன்று நம் கேள்விக்கு நேராகத் தொடர்புடையவை. தூண்டலை நிறுத்திச் சிறிது காலம் விட்டால் பழைய பதில் தானே மீள்கிறது. மெல்லிய தூண்டலுக்கு விரைவில் பழகிவிடுகிறோம், மிகக் கடுமையான தூண்டலுக்குப் பழக்கமே ஏற்படாமல் போகலாம். நடுவே வேறொரு வலுவான தூண்டல் குறுக்கிட்டால் மங்கிய பதில் உடனே உயிர்பெறுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மரத்துப்போவது ஒருவழிப் பாதை என்ற எண்ணத்துக்கு ஆய்வகத்தில் இடமில்லை என்பது தெரியும்.

நான்காண்டுகள் கழித்து ஃபிலிப் க்ரோவ்ஸ் என்பவரும் தாம்ஸனும் முன்வைத்த இருவினைக் கோட்பாடு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒவ்வொரு தூண்டலும் இரண்டு எதிரெதிர் வினைகளைக் கிளப்புகிறது: ஒன்று பதிலைத் தணிக்கிறது, மற்றது கூர்மையாக்குகிறது. வெளியே தெரியும் நடத்தை இவ்விரண்டின் கூட்டு விளைவு. அதாவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சந்திக்கும் உயிர் அதற்கு மரத்தும் போகலாம், முன்னைவிடத் துடிப்பாகவும் மாறலாம்.

எது எப்போது நடக்கிறது என்பதற்கு எரிக் கேண்டல் குழுவினரின் ஆய்வு தெளிவான சான்று. அப்ளீசியா என்ற பெரிய கடல் நத்தையின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். பத்து முறை தொட்டால் உள்ளிழுப்பு வெகுவாகக் குறைகிறது. உணர்நரம்பு வெளியிடும் வேதிப்பொருள் குறைவதே காரணம் என்று கண்டறிந்தார்கள். நான்கு நாள் தொடர்ந்து பயிற்றினால் இந்த மந்தம் மூன்று வாரத்துக்கும் மேல் நீடிக்கிறது. ஆனால் அதே நத்தையின் வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால் முதல் நாளைவிட வலுவாகச் செவுள் சுருங்குகிறது. கேண்டலுக்கு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த பணியின் தொடக்கம் இதுதான். தொடுதல் எதையும் கொண்டுவராதபோது நத்தை அதைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்கிறது. உலகம் ஆபத்தானது என்று தெரிந்துவிட்டால் அதே தொடுதலுக்கு இரு மடங்கு விழிப்படைகிறது.

நத்தையிலிருந்து சமூகத்துக்குத் தாவுவது முறையன்று என்ற எதிர்ப்பு நியாயமானது. ஒரு செவுளின் சுருக்கத்தை வைத்துச் சாக்கடை மரணத்துக்கு விளக்கம் எழுத முடியாது. எனினும் மனிதர் மரத்துப்போவதை இயற்கை என்று சொல்கிறவர்கள்தாம் முதலில் இத்தாவலைச் செய்கிறார்கள். அவர்கள் சாட்சிக்கு அழைக்கும் இயற்கை அவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்கிறது என்று காட்டுவதே இங்கு என் நோக்கம்.

3. எச்சரிக்கை ஒலியும் மருத்துவரின் கையும்

மனிதர்களிடம் பழக்கம் உயிரைப் பறிக்கும் இடம் ஒன்று நன்றாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளது: தீவிர சிகிச்சைப் பிரிவு. இதயத்துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என ஒவ்வொன்றையும் கண்காணிக்கும் கருவிகள் நாள் முழுக்க ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதன் கவனத்துக்கு வந்த, எச்சரிக்கை ஒலி தொடர்பான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன. ஒலி கேட்டும் யாரும் உடனே போகாதது, ஒலியை அணைத்து வைத்தது போன்றவை காரணங்களுள் இருந்தன.

செவிலியர் மரத்துப்போனார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே அறிக்கை தரும் இன்னொரு கணக்கு முக்கியமானது: அந்த ஒலிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை. நூறு முறை ஓடிப்போய் நூறு முறையும் ஒன்றுமில்லை என்று திரும்பியவர் நூற்றோராவது முறை மெதுவாக நடப்பதை இதயக் கடினம் என்று சொல்ல மாட்டோம். ஒலிக்கும் விளைவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்பதை அவர் சரியாகவே கற்றிருக்கிறார். அதனால்தான் இச்சிக்கலுக்கு முன்வைக்கப்பட்ட தீர்வுகள் செவிலியரின் மனத்தைக் குறிவைக்கவில்லை. தேவையற்ற ஒலிகளைக் குறைப்பது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ற எல்லையை அமைப்பது என்றே அவை சென்றன.

மருத்துவமனையிலேயே இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. உடலில் ஊசி குத்தும் படங்களைக் காட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த ழான் டெசெட்டி குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், மருத்துவர் அல்லாதோரிடம் வலிக்கும் படத்துக்கும் வலிக்காத படத்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்பட்டது. மருத்துவர்களிடம் அது தென்படவில்லை. பிறர் வலிக்கு அவர்கள் பழகியிருந்தார்கள். பழகாவிட்டால் தையல் போடும் கை நடுங்கும். இந்த மரத்தல் செயலுக்கு உதவுகிறது. செய்தித்தாளைப் புரட்டுகிறவரின் மரத்தலோ எதற்கும் உதவுவதில்லை. ஆகவே உணர்ச்சி தணிந்திருக்கிறது என்பதை மட்டும் கொண்டு ஒருவரின் அறத்தை அளக்க இயலாது. அவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

அச்ச நோய்க்கான சிகிச்சை மூன்றாவது சான்று. அஞ்சுகிற பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்து அச்சத்தைக் குறைக்கும் முறையை ஜோசஃப் வோல்ப் 1958இல் நூலாக எழுதினார். பல முறை கண்டால் பயம் தேய்ந்துவிடும் என்பதே பல ஆண்டுகள் அதற்கான விளக்கமாக இருந்தது. மிஷெல் க்ராஸ்கியும் அவருடன் பணியாற்றியோரும் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். சிகிச்சை அமர்வின்போது பயம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து நீண்ட காலப் பலனை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. நாய் கடித்துவிடும் என்று எதிர்பார்த்தவர், கடிக்கவில்லை என்று அறியும்போது அந்த எதிர்பார்ப்பு பொய்ப்பதே மாற்றத்தைக் கொண்டுவருகிறது. எத்தனை முறை பார்த்தார் என்பதைவிட, பார்த்த பின் என்ன நடந்தது என்பதே இங்கும் எடை கூடியதாகிறது.

4. படங்கள்மீது வைத்த குற்றச்சாட்டு

இலக்கிய வட்டாரங்களில் இந்தக் கேள்விக்குப் பெயர் கொடுத்தவர் சூஸன் சொன்டாக். 1977இல் வெளிவந்த புகைப்படம் குறித்த நூலில், துயரப் படங்களின் பெருக்கம் நம் அற உணர்வை மழுங்கடிக்கிறது என்று அவர் வாதிட்டார். அது பரவலாக ஏற்கப்பட்டுப் பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது. ஆனால் 2003இல், இறப்பதற்கு ஓராண்டு முன்னர், பிறர் வலியைக் காண்பது பற்றி எழுதிய நூலில் தன் பழைய வாதத்துக்கு என்ன ஆதாரம் என்று அவரே கேட்டார். இரக்கம் நிலையற்றது, அது செயலாக மாற வேண்டும், இல்லாவிட்டால் வாடிவிடும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். நிறுத்த முடியாது என்று தோன்றும் போரிலிருந்துதான் மக்கள் முகம் திருப்புகிறார்கள் என்றார். தமிழில் சொன்டாக் பெயர் அடிபடும்போதெல்லாம் முதல் நூலின் வாதமே நினைவுகூரப்படுகிறது. என் மதிப்பீட்டில் இரண்டாவது நூலே ஆழமானது.

வன்முறைப் படங்கள் பற்றிய சோதனைகள் இரு பக்கமும் பேசுகின்றன. 1980களில் டேனியல் லின்ஸ், எட்வர்ட் டானர்ஸ்டைன், ஸ்டீவன் பென்ராட் ஆகியோர் கல்லூரி ஆண்களுக்குப் பெண்களைக் கொடூரமாகக் கொல்லும் படங்களை நாள்தோறும் காட்டினார்கள். சில நாட்களிலேயே அவர்களின் பதற்றம் குறைந்தது. பின்னர் பார்த்த வல்லுறவு வழக்கு விசாரணையில் பாதிக்கப்பட்ட பெண்மீதான பரிவும் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வுகளே பெரிதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. இதன் தொடர்ச்சியாக 1995இல் சார்லஸ் மல்லினும் லின்ஸும் வெளியிட்ட ஆய்வு ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடைசிப் படத்துக்கு மூன்று நாள் கழித்துப் பரிவு குறைந்தே இருந்தது. ஐந்து நாள் கழித்து அது பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. தாம்ஸனும் ஸ்பென்ஸரும் பூனையின் காலில் கண்ட தானே மீளும் பண்பு இங்கும் வெளிப்படுகிறது.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் சடலமாக ஒதுங்கிய சிரியக் குழந்தையின் படம் இன்னொரு சான்று. உளவியலாளர் பால் ஸ்லோவிக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, படம் வெளிவந்த வாரத்தில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்கு வந்த நன்கொடைகளின் நாள் சராசரி எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சிரியாவில் அதற்குள் லட்சக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். நாலரை ஆண்டுச் செய்திகள் மரத்துப்போகச் செய்திருந்தால் அந்த ஒரு படம் யாரையும் அசைத்திருக்கக் கூடாது. அசைத்தது. ஆனால் சில வாரங்களில் நன்கொடை சரிந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஒரு தனி உயிர் நம்மை அசைக்கும், எண்ணிக்கை அசைக்காது என்று ஸ்லோவிக் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். இது மறுநிகழ்வால் வரும் மந்தத்திலிருந்து வேறானது. முதல் முறை கேட்கும்போதே லட்சம் என்ற எண் நம்முள் இறங்குவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பயன்படக்கூடிய கருவியைச் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் தருகிறார். கொடுமைகளைச் சமூகங்கள் மறுக்கும் விதங்களைப் பற்றிய அவருடைய 2001ஆம் ஆண்டு நூல் மறுப்பை மூன்றாகப் பிரிக்கிறது. நடக்கவே இல்லை என்பது முதல் வகை. நடந்தது, ஆனால் நீங்கள் சொல்லும் பெயர் அதற்குப் பொருந்தாது என்பது இரண்டாம் வகை. நடந்தது உண்மை, பெயரும் சரி, ஆனால் அதனால் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது மூன்றாம் வகை. இரக்கச் சோர்வு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகைதான் என்று எனக்குப் படுகிறது. சோர்வு என்றால் முதலில் உழைத்திருக்க வேண்டுமே.

5. தொட்டிக்குள்

இனி தொடங்கிய இடத்துக்கு வருவோம். செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் உருவாகும் வாயுக்களில் மிகக் கொடியது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை அடிப்பது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது, 2 முதல் 15 நிமிடங்களில் மூக்கு அந்த வாடையை அறியும் திறனை இழந்துவிடுகிறது. வாடை போய்விட்டது என்று தோன்றும். வாயு அங்கேயே இருக்கும். எழுநூறு பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் உயிர் போகும். உள்ளே கிடப்பவரைக் கண்டு குதிக்கும் இரண்டாமவருக்கு நிதானிக்க நேரமே கிடைப்பதில்லை. ஒரே குழியில் தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் இறப்பதன் காரணம் இதுதான். இங்கே புலன் மங்குவது உண்மையாகவே உடலின் இயற்கை. வாயுமானியும் மூச்சுக்கருவியும் கழிவு உறிஞ்சும் லாரியும் இருக்கும் காலத்தில் ஒரு மனிதரின் மூக்கை நம்பி அவரை இறக்குவது இயற்கை அன்று. அது ஒருவர் எடுத்த முடிவு.

அந்த முடிவு சட்டப்படி குற்றம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடங்களையும் அவற்றில் மலம் அள்ளும் வேலையையும் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. 9ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். துப்புரவுத் தொழிலாளர் உரிமை அமைப்பான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2019 முதல் 2023 வரை குறைந்தது 377 பேர் இறந்திருப்பதாக ஒன்றிய அரசின் கணக்கே சொல்கிறது. தேசிய துப்புரவுப் பணியாளர் ஆணையம் 1993 முதல் தொகுத்துவரும் மரணப் பட்டியலில் தமிழ்நாடு தொடர்ந்து முதல் வரிசையில் நிற்கிறது. சமூக நீதியைப் பற்றி இவ்வளவு பேசிய மாநிலத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வேறில்லை.

2022, 2023 ஆண்டுகளின் 54 மரணங்களை ஆராய்ந்த சமூகத் தணிக்கையின் முடிவுகள் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலி பேசி அழைத்துவரப்பட்டவர்கள். அதாவது எந்த அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள். பெயர் இல்லாதவரை இறக்கியது யார் என்ற கேள்வி எளிதில் கரைந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் வழக்கு பல நேரங்களில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பொதுப்பிரிவில் பதிவாகிறது. அது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304அ பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்தப்படாத ஒவ்வொரு முறையும் ஒரு குற்றம் விபத்தாக மாறுகிறது.

கோஹனின் இரண்டாம் வகை மறுப்புக்கு நாடாளுமன்றத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கையால் மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு விடையளித்தது. சட்டம் கையால் மலம் அள்ளுதலையும் அபாயகரமான சுத்திகரிப்பையும் வெவ்வேறாக வரையறுப்பதால் சாக்கடையில் இறந்தவர்கள் முதல் பட்டியலில் வர மாட்டார்கள். வரையறை அளவில் விடை சரி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த விடையால் என்ன பயன்?

இப்போது வாசகரின் நிலையை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். அவருக்குச் செய்தியின் முதல் பாதி மட்டும் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. இறந்தார்கள், உடல்கள் மீட்கப்பட்டன, விசாரணை நடக்கிறது. அந்த விசாரணை என்னவாயிற்று, யார் கைதானார், எந்தப் பிரிவில் வழக்கு, தீர்ப்பு வந்ததா என்ற இரண்டாம் பாதி வருவதே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியருக்கு நேர்ந்தது இவருக்கும் நேர்கிறது: எச்சரிக்கை அடிக்கிறது, பின்தொடர்ந்து எதுவும் நடப்பதில்லை. ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அங்கே பெரும்பாலான ஒலிகள் பொய். இங்கே ஒவ்வொன்றும் உண்மை.

6. மங்குவதற்கு முன் என்ன இருந்தது

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. உணர்வு மங்கியது என்று சொல்ல, முதலில் உணர்வு இருந்திருக்க வேண்டும். சாக்கடை மரணச் செய்தியை முதன்முதலில் படித்தபோது தமிழ்ச் சமூகம் துடித்ததா? அப்படி ஒரு பொற்காலத்தைச் சுட்ட என்னால் முடியவில்லை.

துப்புரவுத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் நகர்ப்புறங்களில் விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024இல் வெளிவந்த விவரம் தெரிவிக்கிறது. நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடு. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரமே சாதி. அந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் என்று ஒரு மக்கள் கூட்டத்தைக் கருதும் ஒழுங்கில், அவர்கள் அங்கே இறப்பது அதிர்ச்சியாக வருவதில்லை. படிநிலைப்பட்ட சமமின்மை என்று அம்பேத்கர் விளக்கிய அமைப்பின் சாரம் இதுதான்: மேலே நிற்பவரின் பரிவு கீழே இறங்க இறங்கத் தேய்கிறது. அதற்குச் செய்தித்தாள் வேண்டியதில்லை, தொலைக்காட்சி வேண்டியதில்லை, மறுநிகழ்வும் வேண்டியதில்லை. இத்தகைய இடத்தில் மரத்துவிட்டது என்று சொல்வது நமக்கு நாமே வழங்கிக்கொள்ளும் நற்சான்று. ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தோம் என்பது அதன் உட்பொருள்.

துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தை இந்தப் பின்னணியில் மதிப்பிட வேண்டும். மரத்த உணர்வைத் தட்டி எழுப்பிய படம் என்று அதைப் பாராட்டுவது வழக்கம். பார்த்தவர்களில் பலருக்கு அது அதைவிட அடிப்படையான ஒன்றைச் செய்தது. நாள்தோறும் தெருவில் கண்டும் காணாமல் கடந்தவர்களின் முகத்தையும் பேச்சையும் முதன்முறையாக முன்னால் வைத்தது. அங்கே எழுந்தது பழைய உணர்வின் மீட்சி அன்று. புதிதாகப் பிறந்த ஒன்று.

இம்மரணங்களை மிக அதிகமாகக் கண்டவர்கள் யார் என்ற கேள்வியும் முக்கியமானது. மறுநிகழ்வே மரக்கச் செய்யுமென்றால், நாடெங்கும் சாக்கடை மரணங்கள் நடந்த வீடுகளுக்குச் சென்று ஆவணம் சேர்த்த சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பினர்தான் முதலில் மரத்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரான பெஜவாடா வில்சன் கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1980களிலிருந்து இதே பணியில் இருக்கிறார். 2016இல் மகசேசே விருது பெற்றார். அவர்களிடம் ஒவ்வொரு மரணமும் ஒரு கோப்பாகவும் மனுவாகவும் சாட்சியமாகவும் மாறியது. செயலுக்கு இட்டுச்செல்லும் செய்தி எத்தனை முறை வந்தாலும் மங்குவதில்லை.

7. நடுக்காட்டுப்பட்டியின் நான்கு நாட்கள்

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 29ஆம் தேதி அதிகாலையில் உடல் மீட்கப்படும்வரை எண்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தமிழ்த் தொலைக்காட்சிகள் இடைவிடாமல் நேரலை செய்தன. நடுவே தீபாவளி வந்துபோனது. கிணற்றின் வாய், துளையிடும் இயந்திரம், காத்திருக்கும் கூட்டம் என அதே காட்சிகள் ஆயிரம் முறை திரும்ப வந்தன. மறுநிகழ்வு மந்தத்தைத் தருமென்ற கணக்கின்படி இரண்டாம் நாளே மக்கள் அலைவரிசையை மாற்றியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கவனம் மணிக்கு மணி கூடியது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எங்கும் பிரார்த்தனை நடந்தது.

ஒரே குழந்தை என்பது ஒரு காரணம். ஸ்லோவிக் சொல்வது இங்கே பொருந்துகிறது. முடிவு திறந்திருந்தது என்பது இன்னொரு காரணம், என் பார்வையில் இதுவே வலியது. அடுத்த கணம் ஏதாவது நடக்கலாம், யாரோ ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு மறுகாட்சியையும் புதிதாக்கியது. மீட்பு முடிந்ததும் கவனம் இன்னொரு வாரம் நீடித்தது. கைவிடப்பட்ட கிணறுகளை மூட உத்தரவுகள் பிறந்தன, பொதுமக்கள் தங்கள் பகுதிக் கிணறுகளைப் பற்றிப் புகார் தந்தார்கள்.

இதே சான்று என் வாதத்தின் எல்லையையும் காட்டுகிறது. ஆழ்துளைக் கிணறுகளைப் பாதுகாப்பாக மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டுதல் வகுத்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அந்தக் கிணறு திறந்தே கிடந்தது. பெருங்கவனம் எழுவதும் அமைப்பு மாறுவதும் வெவ்வேறு. விளைவு இருந்தால் உணர்வு நீடிக்கும் என்று சொல்லலாம். உணர்வு நீடித்தாலே விளைவு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. மரத்துப்போதலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டாவதை நம்பியே நடக்கிறது. மக்கள் மனம் இளகினால் எல்லாம் சரியாகும் என்று, மாற்ற வேண்டிய இடத்தை வாசகரின் நெஞ்சுக்குள் தேடுகிறது.

8. செய்தியின் இரண்டாம் பாதி

இந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு ஏதேனும் கிடைக்குமென்றால் அது இதழியல் சார்ந்தது. அதிர்ச்சியின் அளவைக் கூட்டுவது இதழ்கள் வழக்கமாகக் கையாளும் மாற்று. உடலின் படம், அழும் மனைவியின் படம், பெரிய எழுத்துத் தலைப்பு. பழக்கமடைதலின் விதிகளின்படி புதிய வலுவான தூண்டல் மங்கிய பதிலை உயிர்ப்பிக்கும் என்பது உண்மையே. அந்தப் புதுத்தூண்டலுக்கும் விரைவில் பழகிவிடுவோம் என்பதும் தாம்ஸன், ஸ்பென்ஸர் பட்டியலில் உண்டு. இறந்தவரின் குடும்பம் அதற்குள் தன் மானத்தை இழந்திருக்கும்.

வேண்டியது தொடர்ச்சி. கொலை வழக்குகளையும் ஊழல் வழக்குகளையும் தமிழ் நாளிதழ்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்கின்றன: ஜாமீன், குற்றப்பத்திரிகை, சாட்சி பிறழ்ந்தது, தீர்ப்பு, மேல்முறையீடு. வாசகர் அவற்றில் ஒருபோதும் சலிப்பதில்லை. அந்த வசதி சாக்கடையில் இறந்தவருக்கு மட்டும் மறுக்கப்படுகிறது. தொட்டியின் உரிமையாளர் யார், ஒப்பந்ததாரர் யார், உள்ளாட்சியிடம் உறிஞ்சு லாரி இருந்ததா, இருந்தும் ஏன் அழைக்கவில்லை, முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் இடம்பெற்றனவா, 30 லட்சம் குடும்பத்தின் கைக்கு வந்துசேர்ந்ததா, ஆறு மாதம் கழித்து வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பன எல்லாம் எழுதப்பட வேண்டியவை. எந்த வேவுப் பணியும் இதற்குத் தேவையில்லை. காவல் நிலையத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் கேட்கலாம். சொல்ல மறுத்தால் 2005 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடையளிக்க அலுவலர் கடமைப்பட்டவர்.